அம்மா ஏறாத ரயில்

மதுரைக்குப் போகும் ரயில் தென்காசி ஸ்டேஷனில் வந்து நின்றதும் அப்பா டிரங்குப் பெட்டியைத் தூக்கப் போனார். அம்மா அதன் கைப்பிடியை விடவில்லை. ஐம்பதுகளின் கடைசியில் ஒரு காலை. எனக்குப் பத்து வயது. குற்றாலத்தில் பத்து நாள் குளித்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தோம். அப்படித்தான் நானும் அப்பாவும் நினைத்திருந்தோம்.

அப்பா மதுரையில் ஒரு பஞ்சாலையில் குமாஸ்தா. அங்கே பெரியப்பா, சித்தப்பா குடும்பங்களோடு ஒரே வீட்டில் இருந்தோம். பதினான்கு பேருக்கும் அம்மாதான் சமையல். கல்யாணத்துக்கு முன்பு ஆசிரியப் பயிற்சி முடித்து ஒரு வருடம் பாடமும் நடத்தியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. வருடத்துக்கு ஒருமுறை, சாரல் விழும் அந்தப் பத்து நாளில் மட்டும், ஈரத்தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிற அம்மாவைப் பார்ப்பேன். அந்த முறை ஒரு மத்தியானம் கோயிலுக்கென்று தனியாகத் தென்காசிக்குப் போய்வந்தாள். திருநீறு கொண்டுவரவில்லை. யாரும் கேட்கவில்லை.

"எனக்கு இங்கன பள்ளிக்கூடத்துல டீச்சர் வேலை கெடச்சிருக்கு. திங்கக்கிழமை சேரணும். நான் வரல" என்றாள்.

அப்பா சிரித்தார். "வெளையாடாத. வண்டி கெளம்பப் போவுது, ஏறு."

அவள் ஏறவில்லை. அப்பாவின் முகத்தில் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. அவர் கோபப்படவில்லை. படியில் ஏறி நின்று என்னைப் பார்த்தார். அம்மாவும் என்னைப் பார்த்தாள். விசில் ஊதியது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ரயில் போய்விட்டது.

தென்காசியில் ஒரு சின்ன வீடு பிடித்தோம். அம்மா வேலை பார்த்த பள்ளியிலேயே நானும் படித்தேன். அப்பாவைப் பிரிந்துவிட்டோம் என்று நினைத்து அழுது முடிப்பதற்குள் அடுத்த சாரல் வந்தது. பத்து நாள் லீவில் அப்பாவும் வந்தார், மதுரை மல்லிகைப் பூவோடு. மூவரும் குதிரை வண்டியில் குற்றாலம் போனோம். அம்மா சிரித்தாள். அப்பா அவளுக்கு ஈரப் புடவையைப் பிழிந்து கொடுத்தார். பதினோராம் நாள் அம்மா கட்டிக்கொடுத்த இட்லியை வாங்கிக்கொண்டு ரயிலேறினார். ஒவ்வொரு வருடமும் இதேதான். "மில்லுல லீவே குடுக்க மாட்டாங்களாக்கும்?" என்று பக்கத்து வீட்டில் கேட்டால் அம்மா ஆமாம் என்பாள். அவர்கள் பிரிந்திருந்தார்களா, சேர்ந்திருந்தார்களா? பள்ளியில் அப்பாவைப் பற்றிக் கேட்டால் நானும் மில்லில் லீவு இல்லை என்பேன். நாங்கள் உல்லாசப் பயணம் வந்த ஊர் எங்கள் ஊராகியிருந்தது. அப்பாதான் இப்போது விருந்தாளி.

அறுபதுகளின் நடுவில் திருநெல்வேலியில் கல்லூரியில் சேர்ந்தேன். கொண்டுபோய் விட அப்பா வந்தார். பஸ்ஸில், இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டேன். ஏன் அன்றைக்கு அம்மாவை விட்டுவிட்டுப் போனீர்கள்?

"நீ எம்பின்னால ஏறுவன்னுதாம்ட்டி நான் ஏறுனேன். நீ ஏறியிருந்தா அவளும் ஏறியிருப்பா. நீ அம்மைதான் வேணும்னு நின்னுட்ட. நான் என்ன சொல்ல?" என்றார். குறையாகச் சொல்லவில்லை.

முதல் விடுமுறையில் அம்மாவிடமும் கேட்டேன். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவள் பேனாவைக் கீழே வைத்தாள். "உங்கப்பா ஏறுனதும் நானும் ஏறிரலாம்னு ஒரு காலை எடுத்தும் வச்சிட்டேன். நீ அசையாம நின்னுக்கிட்டிருந்த. சரி, பிள்ளையே தீர்மானம் பண்ணிட்டாளேன்னு நானும் நின்னுட்டேன்."

இருவரும் இப்போது இல்லை. பத்து வயதில் நான் எடுத்ததாக அவர்கள் நம்பிய முடிவின்மேல்தான் மூன்று பேரும் வாழ்ந்திருக்கிறோம். நான் எந்த முடிவும் எடுக்கவில்லை. இருவரில் யாராவது என் கையைப் பிடித்து இழுப்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அதை அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவேயில்லை.