நீரூற்றில் கலந்த நீலம்

அந்த வட்டாரத்தை வெற்று நிலத்தில் கோடு போட்டுக் கட்டியிருந்தார்கள். பன்னிரண்டு கண்ணாடிக் கட்டடங்கள், நடுவே சதுக்கம், அதில் ஒரு நீரூற்று. ஏழாவது கட்டடத்தில், கார்கள் நிற்கும் தளங்களுக்கும் அடியில், கழிவுநீரைச் சுத்தம் செய்யும் கூடத்தை ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டவள் அவள். மேலே நாலாயிரம் பேர் கழித்துவிட்டதெல்லாம் அவளிடம்தான் வந்து சேரும். அதில் அவளுக்கு அருவருப்பு வந்ததே இல்லை. வயிறுன்னு ஒண்ணு இருந்தா இதுவும் இருக்கத்தானே செய்யும் என்பாள்.

ஒருநாள் தொட்டிக்குக் காற்றடிக்கும் இயந்திரம் நின்றுபோனது. தண்ணீர் கறுத்து நாறியது. நீரூற்றுக்குப் போவதும் அதே தண்ணீர்தான். ஊற்றை நிறுத்தச் சொல்லி மேனேஜரிடம் மூன்று முறை போய் நின்றாள். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் வரும் வாரம், ஊற்று ஓடியே ஆக வேண்டும் என்றார். சாயங்காலமே நீலச் சாயம் ஒரு கேன், எலுமிச்சை வாசனை ஒரு கேன் கீழே வந்து இறங்கின.

வேலை போய்விடுமே என்று கலந்துவிட்டாள். அன்று வீட்டில் கை கழுவிக் கழுவித் தோல் சுருங்கிப்போக, "கைய என்னடி பண்ணி வச்சிருக்க?" என்றார் கணவர்.

மறுநாள் மதியம் சதுக்கத்துக்கு ஏறி வந்தாள். கட்டடத்துப் பகல்நேரக் காப்பகப் பிள்ளைகள் ஊற்றைச் சுற்றி நின்றார்கள். ஒரு சின்னப் பெண் நீலத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி உறிஞ்சினாள். இவள் ஓடிப்போய்க் கையைத் தட்டிவிட்டாள். காப்பகக்காரி சண்டைக்கு வந்தாள்.

"இது கக்கூஸ் தண்ணிம்மா. நான்தான் சாயம் கலந்தேன்."

பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அவளுடைய சீருடையைப் பார்த்து மூக்கைப் பொத்தினார்கள். அவள் நேரே கீழே போய் ஊற்றின் வால்வை மூடி, கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் குரலை உயர்த்தவில்லை. தன் இஷ்டத்துக்குச் சாயம் கலந்ததாக எழுதிக் கொடுத்தால் வேலையில் வைத்துக்கொள்வதாகச் சொல்லிப் பேனாவை நீட்டினார்.

"உங்க நாத்தத்துக்கு என்கிட்ட தொட்டி இல்ல சார்."

வேலை போனது. பழுதான இயந்திரத்துக்கு முன்பே வாங்கி வைத்த மாற்று, ஆறு வாரமாகக் கிடங்கில் பிரிக்காமலே கிடந்ததாம். கூட வேலை பார்த்தவன் போனில் சொன்னபோது அவள் சோற்றில் கை வைத்திருந்தாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.