எதிர்வீட்டாரும் எங்கள் மீட்டரும்

தில்லிக்கு வந்த புதிதில் எனக்கு விநோதமாகப் பட்டது, வீட்டு மீட்டர் வீட்டுக்கு வெளியே இருந்ததுதான். ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் மாடிப்படி திரும்பும் இடத்தில் நாலு வீட்டு மீட்டரும் வரிசையாக மாட்டியிருக்கும். படியேறுகிற எவரும் நம் வீட்டு மீட்டர்ச் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம். அம்பாசமுத்திரத்தில் எங்கள் மீட்டர் கூடத்துக் கதவுக்குப் பின்னால் இருந்தது. கணக்கெடுக்க வருகிறவரைத் தவிர ஒருவர் கண்ணிலும் பட்டதில்லை. நானும் கதவுக்குப் பின்னால் நின்றே பழகினவள்.

அந்த மார்கழியில் கரண்ட் பில் கூடிவிட்டது. வீட்டில் எல்லாவற்றையும் அமர்த்தினால் சக்கரம் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் ஏதோ கோளாறு என்று என் மகனுக்கு ஆபீஸில் யாரோ சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அவன் படியில் போய் நின்றான். நான் உள்ளே லைட், ரேடியோ, வெந்நீர் ராடு என்று ஒவ்வொன்றாக அமர்த்தினேன்.

"அம்மா, எல்லாத்தையும் அமத்தியாச்சா?"

"ஆச்சுய்யா."

"பெறவு எப்பிடிச் சுத்துது? எதுத்த வீட்டுக்காரங்க நம்ம லைன்ல கொக்கி போட்டிருக்காங்க. மனு எழுதிர வேண்டியதுதான்."

சத்தம் கேட்டு எதிர்வீட்டு பஞ்சாபி அம்மாள் வந்தார். மகன் ஹிந்தியில் படபடவென்று பேசினான். 'சோரி', திருட்டு என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. அவர் முகம் சுண்டிவிட்டது. என் ஹிந்தி மொத்தமே ஏழெட்டு வார்த்தை, அதையும் கற்றுத் தந்தவர் அவர்தான். முதல் குளிருக்குக் கம்பளிக் காலுறை பின்னிக் கொடுத்தவர். இந்த ஊரில் என்னைத் தேடி வருகிற ஒரே ஆள். அவர் தன் வாசல் கதவை அகலத் திறந்தார்.

"ஆவோ, தேக் லோ." வந்து பார்த்துக்கொள் என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகன் அவர் வாசற்படியில் கால் வைக்கப் போனான்.

"ஏலே, நில்லு! முருகனை நான் அமத்தலை."

"எந்த முருகனை?"

எண்ணெய் விளக்கு இந்த ஊர்க் காற்றுக்கு நிற்கவில்லை என்று சாமி படத்துக்கு முன்னால் அவனே மாட்டிக் கொடுத்த சின்ன சிவப்பு பல்பு. சாமி விளக்கை நானாக அணைப்பதாவது? என் கணக்கில் அது விளக்கு. கரண்டில் சேர்த்தியில்லை.

மகன் தலையில் அடித்துக்கொண்டான். நான் அந்த அம்மாளைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தேன். அகலில் திரி போட்டு ஏற்றினேன். "பொறுத்துக்கோ அப்பனே" என்று சொல்லி பல்பை அமர்த்தினேன். திரும்ப வந்து பார்த்தால் சக்கரம் நின்றிருந்தது. மீட்டரில் ஒரு குறையும் இல்லை. கூடுதலாக எரித்தது என் வெந்நீர்தான்.

"தும்ஹாரா பகவான் பிஜ்லி காதா ஹை!" உன் சாமி கரண்ட் சாப்பிடுகிறதே என்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். மகனைப் பார்க்கவில்லை. பங்குனி வரை அவனோடு பேசவும் இல்லை.

சிரித்து ஓய்ந்த பிறகும் அவர் நின்ற சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். லாகூரில் தன் வீட்டிலும் இதே மாதிரி ஒன்று இருந்தது என்று கையால் காட்டினார். பிரிவினையில் விட்டு வந்த வீடு. அந்தச் சக்கரம் இப்போது யாருக்காகவோ சுற்றிக்கொண்டிருக்கும். அம்பாசமுத்திரத்தில் பூட்டிக் கிடக்கும் என் வீட்டில், கதவுக்குப் பின்னால், சக்கரம் இப்படித்தான் நின்றிருக்கும். மகன் உள்ளே போய் ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டான். எங்கள் இரண்டு பேர் கண்ணெதிரே சக்கரத்தின் விளிம்பில் இருந்த சிவப்புக் கோடு மறுபடி நகர ஆரம்பித்தது.