முதலாவதாக வந்த சிவப்பு வண்டி

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது எனக்குப் பெரிய மானக்கேடாக இருந்த வயது அது. மலைமேல் இருக்கும் எங்கள் ஆலத்தூர் நாட்டில் எங்களுக்கு மரவள்ளிக் காடு இருந்தது. ஆனாலும் அப்பா பெரும்பாலும் கிடந்தது பக்கத்து மிளகு எஸ்டேட்டின் தகரக் கொட்டகையில்தான். வெளியூர் முதலாளி, தான் சேர்த்த பழைய பந்தய மோட்டார் சைக்கிள்களையும் மூன்று கார்களையும் அங்கே நிறுத்தி, மியூசியம் என்று போர்டு மாட்டியிருந்தார். மலைப் பனிமூட்டத்தில் இரும்பு ஒரே வாரத்தில் துருப்பூத்துவிடும். எண்ணெய்த் துணியால் துடைப்பதும், வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவதும் அப்பாவின் வேலை.

வருடா வருடம் ஆடி மாதத்தில் நாமக்கல்லில் இருந்து ஒரு அம்மா வருவார். நரைத்த தலை, கையில் குடை. மற்ற வண்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கடைசியில் நிற்கும் சிவப்பு மோட்டார் சைக்கிளின் டேங்க்கில் கைவைத்துக்கொண்டு, "இதை ஓட்டினவரைப் பத்திச் சொல்லுங்க" என்பார்.

"மொத ஆளா வந்தாருங்க. சனமெல்லாம் தோள்ல தூக்கிக்கிச்சுங்க" என்பார் அப்பா.

"அப்புறம்?"

"அப்புறம் ஊட்டுக்குப் போயிட்டாருங்க."

அந்த வண்டிக்குப் பக்கத்தில் ஓர் இங்கிலீஷ் அட்டை இருந்தது. ஐந்தாவது படித்த வருடம் அதை அப்படியே நோட்டில் எழுதிப்போய் டீச்சரிடம் அர்த்தம் கேட்டேன். அப்பா சொல்வதெல்லாம் தப்பு என்று தெரிந்துவிட்டது. அந்த ஆடியில் மழையோடு அந்தம்மா வந்தார். அப்பா "மொத ஆளா" என்று ஆரம்பித்ததுமே நான் குறுக்கே புகுந்தேன்.

"இல்லீங்க. மூணாவது சுத்துலயே உழுந்து அங்கயே செத்துட்டாருன்னு எழுதியிருக்குதுங்க."

விரலை வைத்து வார்த்தை வார்த்தையாகப் படித்தும் காட்டினேன்.

அந்தம்மா டேங்க்கில் இருந்து கையை எடுத்துக்கொண்டார். "நல்லாப் படிக்கிறா உங்க பொண்ணு" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, குடையை விரிக்காமலே மழையில் காருக்கு நடந்தார். அடுத்த ஆடியில் அவர் வரவில்லை. அதற்கடுத்த ஆடியிலும் வரவில்லை.

அவர் அந்த வண்டிக்காரரின் மனைவி என்று அப்பா என்னிடம் சொன்னது, நான் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகுதான். கல்யாணமான நான்காம் மாதம் கணவரைப் பறிகொடுத்தவர். அட்டையில் இருப்பதை முதலாளி அப்பாவுக்கு ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். ஆனால் அந்தம்மா முதன்முறை வந்து, தான் யாரென்றும் சொல்லி, முகத்தைப் பார்த்துக் கேட்டபோது அப்பாவுக்கு வாய் வரவில்லை. வேறொன்றைச் சொல்லிவிட்டார். எல்லாம் தெரிந்த அந்தம்மா, அந்த ஒரு பொய்யைக் கேட்கத்தான் வருடா வருடம் மலைப்பாதையின் இத்தனை வளைவும் ஏறி வந்திருக்கிறார்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. கொட்டகையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது அப்பா பேசவே இல்லை. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏனுங்கப்பா, நான் சரியாத்தானுங்க படிச்சேன்?"

அப்பா கொட்டகைச் சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

"சரியாத்தான் படிச்ச, கண்ணு."

வழியெல்லாம் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.