மொட்டை மாடியில் தொலைந்த மூன்று மில்லிகால்

ஜீப்பில் போகும்போது புவியீர்ப்புமானியை மடியை விட்டு இறக்க மாட்டாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்குப் பிள்ளைக்காரி என்று பெயர். ஒரு குலுக்கல் போதும், கருவி பொய் சொல்லத் தொடங்கிவிடும். எந்த இடத்தில் பூமி எவ்வளவு இழுக்கிறது என்று இருபது வருடமாக ஊர் ஊராய் அளந்து எழுதியவள். வீட்டு எடைமெஷினில் மட்டும் ஏற மாட்டாள். அதில் நம்பிக்கை இல்லையாம்.

இப்போது அந்த வேலைக்கு ஒரு விமானம் வந்திருந்தது. அவளுடைய ஒரு வருட நடையை ஒரே காலையில் முடித்தது. அது சரியாக அளக்கிறதா என்பதற்கு, அவள் தரையில் எடுத்த நாற்பது அளவுகளே உரைகல். ஒரே ஓர் இடத்தில் வித்தியாசம் ஒரு மில்லிகாலை, பூமியின் இழுப்பை அளக்கும் அந்தப் பொடி அலகை, தாண்டினாலும் விமானம் திரும்பிப் போகும். அவள் வேலை மிஞ்சும்.

முப்பத்தொன்பது அச்சாகப் பொருந்தின. பஸ் டிப்போவில் மட்டும் மூன்று உதைத்தது.

"பறந்துகிட்டே எடை போட்டா இப்படித்தான்," என்றார் மேலாளர், ஏறக்குறைய மகிழ்ச்சியாக. விமானத்துப் பொறியாளரின் முகம் சுண்டிப்போனது.

பிள்ளைக்காரி மனசுக்குள் கணக்குப் போட்டாள். உயரே போகப் போக இழுப்பு குறையும். மூன்று மில்லிகால் என்றால் பத்து மீட்டர் உயரம். அவள் அளக்கப் போன அன்று டிப்போ முழுக்க மழைத்தண்ணீர். கருவியை மொட்டை மாடியில் வைத்து அளந்துவிட்டு, பழக்கதோஷத்தில் தரையின் உயரத்தை எழுதிவிட்டாள்.

கணவருக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"வாயைத் தொறக்காத. வேலை போயிடும்."

"அந்த விமானம் மூணு மாடி உசரத்தைப் பறந்துகிட்டே கண்டுபிடிச்சிருக்குங்க."

"நான் என்ன சொல்றேன், நீ என்ன சொல்றே?"

மேலாளரிடம் தப்பை ஒப்புக்கொண்டாள். அவர் வாய் மூடுவதற்குள் கருவியோடு ஜீப்பில் ஏறிவிட்டாள். பொறியாளர் ஓடிவந்து தொற்றிக்கொண்டார்.

டிப்போவில், "அண்ணே, அஞ்சு நிமிஷம் எஞ்சினை ஆஃப் பண்ணுங்க. பூமி எவ்வளவு இழுக்குதுன்னு பார்க்கணும்," என்றாள்.

"என் வண்டியே இழுக்க மாட்டேங்குது. அதையும் பாரும்மா," என்றார் பஸ் ஓட்டுநர். ஆனாலும் அணைத்தார்.

தரையில் வைத்து அளந்தாள். கணக்கைப் பொறியாளர் போட்டார். வித்தியாசம் அரை மில்லிகாலுக்கும் குறைவு. அவர் தாளை அவளிடம் நீட்டினார்.

மறுபடி போன் போட்டாள்.

"தப்பு என்னோடதுதாங்க."

"அதுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்?"

"நாப்பதுக்கு நாப்பதுங்க," என்றாள்.