சாகாத ஆடு

திருவண்ணாமலைப் பெரிய கோயிலில் பிராகாரம் கூட்டும் அந்த அம்மா என்னைத் திட்டித்தான் அறிமுகமானார். நெற்றியில் இட்டது போக மீந்த குங்குமத்தை, எல்லோரையும் போல நானும் பக்கத்துச் சுவரில் தடவியிருந்தேன்.

“கையை எடுங்க சார். அது எழுத்து. ராஜா காலத்துது.”

ஒல்லியான உடம்பு, பெரிய மூக்குத்தி, இடுப்பில் செருகிய ஈரத்துணி. அந்தத் துணியை விரலில் சுற்றிக் கல்வெட்டை எழுத்தெழுத்தாகத் துடைத்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

“உங்களுக்கு இந்தப் பழைய எழுத்தைப் படிக்கத் தெரியுமா?”

“தெரியாது. ஆராய்ச்சிக்கு வந்த பொண்ணு படிச்சு சொல்லிச்சு” என்று போனை நீட்டினார். திரையில் சோகமாக ஓர் ஆடு. கீழே இப்படி இருந்தது: ‘கோயில் விளக்குக்கு நெய் வேணும்னு என்னை எழுதி வெச்சாங்க. எனக்குச் சாவும் இல்ல, மூப்பும் இல்லனு கல்லுல வெட்டிட்டாங்க. அப்போ ரிட்டயர்மென்ட்?’

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

“நான் போட்ட மீம்ஸுங்க. ஒரு ஆடு செத்தா வேற ஆடு விட்டு எண்ணிக்கை குறையாம பாத்துக்கணுமாம், அதைத்தான் அப்படி வெட்டியிருக்காங்க. போர்டு வெச்சா எவனும் படிக்கிறதில்ல. சிரிச்சவங்க மறுபடி தடவ மாட்டாங்க” என்றார்.

போன மாதம் அந்த ஆடு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கே வந்தது. அனுப்பிய சித்தப்பாவுக்கு அதைச் செய்தது யாரென்று தெரியாது. எனக்கும் பெயர் தெரியாது. அன்று கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த முறை போனபோது அவரைக் காணோம். அதே சுவரின் முன்னால் ஒரு குடும்பம் போனைப் பார்த்துப் பார்த்து, ஆடு எந்த வரியில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தது. தேடி முடித்ததும், கையில் மீந்த குங்குமத்தைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள்.