ஒரே காலையில் இரண்டு மெமோ

1982இல் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ராக்கம்மாள் அக்காவுக்கு இரண்டு மெமோ கிடைத்தன. முதலாவது, தெருவில் குப்பை கிடந்ததற்காக. இரண்டாவது, வெளிச்சம் சரியில்லாமல் போனதற்காக. இரண்டிலும் எனக்குப் பங்கு உண்டு.

அப்போது நான் பி.ஏ. முடித்திருந்தேன். பள்ளுருத்தியில் எங்கள் காலனியின் முதல் பட்டதாரி. வேலை கிடைக்காததைக் கலை ஆர்வம் என்று சொல்லிக்கொண்டு இரண்டு வருடமாகத் திரிந்தேன்.

ராக்கம்மாள் அக்காவும் அதே காலனிதான். சங்கரன்கோவில் பக்கமிருந்து மலையாள நாட்டுக்குத் துப்புரவு வேலைக்கு வந்த குடும்பம். அவர் மாநகராட்சியில் பதினொரு வருடமாகத் தற்காலிகத் தொழிலாளி. மட்டாஞ்சேரியில் சுக்கு, மிளகு கிடங்குகள் இருக்கும் சந்து அவர் பொறுப்பு. ஒரு முறம் குப்பையைக் காட்டினால் எந்தத் தெருவுடையது என்று சொல்லிவிடுவார். அந்த வருடம் நிரந்தரமாக்கும் பட்டியலில் அவர் பெயர் முதலில் இருந்தது. பட்டியல் வெள்ளிக்கிழமை வெளியாகும். அதற்குள் ஒரு மெமோ வாங்கினாலும் பெயரை அடித்துவிடுவார்கள்.

இது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் நல்லசிவத்தை அழைத்துப் போனேன்.

நல்லசிவம் ஒரு திரைப்படக் கல்லூரி மாணவர். தேர்வுக்கு ஒரு குறும்படம் எடுக்க வந்திருந்தார். நான் படித்த கல்லூரியில் பேசும்போது, “படைப்புக்கான உந்துதல் தெருவில்தான் கிடக்கிறது” என்றார். கை தட்டியவர்களில் நானே அதிக நேரம் தட்டினேன். துப்புரவுத் தொழிலாளியைப் பற்றிப் படம் என்றதும், எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று ஓடினேன். என்னைத் தன் கல்லூரியில் சேர்க்கப் பரிந்துரைக் கடிதம் தருவதாகச் சொன்னார். அந்தக் கணமே நான் உதவி இயக்குநர்.

சந்துக்குள் வெயில் எட்டு மணிக்குத்தான் இறங்கும். அதற்குள் அக்கா பெருக்கி முடித்திருந்தார். தெரு கழுவிவிட்டதுபோல் கிடந்தது. நல்லசிவம் இடுப்பில் கை வைத்து நின்றார்.

“இதுல என்னங்க இருக்கு எடுக்க? ஃபிரேம் காலியா இருக்கு. கொஞ்சம் குப்பை வேணும்.”

உதவி இயக்குநர் புறப்பட்டார். பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் பின்னாலிருந்து எச்சில் இலை, வாடிய மல்லிகைச் சரம், கிழிந்த சினிமா போஸ்டர் என்று இரண்டு சாக்கு கொண்டுவந்து, போஸ்டரின் சிவப்பு வெளியே தெரியும்படி பரப்பினேன்.

அக்கா மூக்கில் விரல் வைத்தார். “மோனே, இந்தச் சந்துல யாருடா மல்லிப்பூ போடுவா? இங்க சுக்குத் தோலும் சணலும் ஆட்டுப் புழுக்கையும்தான் விழும்.”

“பாக்க அழகா இருக்கணும்ல அக்கா.”

“குப்பையா?” என்று கேட்டுவிட்டு, “சரி, தங்கப்பன் சார் வருமுன்னே முடிச்சிரு” என்றார்.

நாங்கள் முடிக்கவில்லை. சுகாதார ஆய்வாளர் தங்கப்பன் எட்டரைக்குச் சைக்கிளில் வந்தார். மற்ற நாளாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பார். அன்று கேமராவைப் பார்த்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்தார், சட்டையை இழுத்துவிட்டார், தலையைக் கோதினார்.

“எந்தா ராக்கம்மா இது? நாட்டுகாரு எந்து பறயும்? சம்பளம் வெறுதே தரணோ?”

சுற்றிலும் மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகள் கூடிவிட்டார்கள். சம்பளம் சும்மா தர வேண்டுமா என்று இத்தனை பேர் பார்க்கக் கேட்டவர் வெறும் கையோடு திரும்ப முடியாது. மெமோ புத்தகத்தை எடுத்து எழுதி நீட்டினார். அக்கா என்னைப் பார்த்தார். நான் நல்லசிவத்தைப் பார்த்தேன். நல்லசிவம் வானத்தைப் பார்த்தார்.

“சார், மேகம் மறைச்சுடுச்சு. ஒன் மோர், ப்ளீஸ்.”

தங்கப்பன் மறுபடி திட்டினார், முதல் தடவையைவிட நன்றாகவே. மறுபடி எழுதினார். புத்தகத்தில் பக்க எண் உண்டு, கார்பன் உண்டு, கிழித்தெறிய முடியாது. தன் குரல் எப்படி வந்திருக்கிறது என்று பிறகு கேட்டார். இந்தக் கேமராவில் குரல் பதிவாகாது என்றேன். அவர் முகம் வாடியது. அக்காவின் முகத்தை அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

மாலையில் நல்லசிவத்தின் அறைக்குப் போய், சுகாதார அதிகாரியிடம் வந்து நடந்ததைச் சொல்லும்படி கேட்டேன்.

“படம் வரட்டும். சமூகமே அந்தம்மாவுக்காகக் கேள்வி கேக்கும்.”

“பட்டியல் வெள்ளிக்கிழமை சார்.”

“நீங்க ரொம்பச் சின்னதா யோசிக்கிறீங்க” என்றார். பெட்டி கட்டியிருந்தது. பரிந்துரைக் கடிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை. நான் அதை நினைத்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

மறுநாள் அதிகாரி டாக்டர் கமலாக்ஷியிடம் இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுபோனேன். யதார்த்தம், ஒளி, கலைஞனின் கடமை எல்லாம் அதில் இருந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“குப்பை இட்டது ஆரு? அது ஒரு வரி போதும்.”

எழுதினேன். பெயருக்குப் பின்னால் பி.ஏ. போடும் வழக்கத்தில் அதையும் போட்டேன்.

“டிகிரி எடுத்திட்டாணோ இது?” என்று, பட்டம் வாங்கியவன் செய்கிற வேலையா என்பதுபோல் கேட்டார் டாக்டர். தங்கப்பனை அழைத்து, வெளிச்சத்துக்காக மெமோ எழுதலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டார். இரண்டு மெமோவும் ரத்தாயின. தெருவில் குப்பை கொட்டியவன் என்று என் பெயர் பதிவேட்டில் ஏறியது. நான் வேலை செய்த ஒரே படத்துக்கு எங்காவது என் பெயர் வந்திருக்கிறது என்றால் அது அங்கேதான்.

வெள்ளிக்கிழமை பட்டியலில் அக்காவின் பெயர் வந்தது. சொல்ல ஓடினேன். அவர் சாயா குடித்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

“தெரியும்டா. நீ போட்ட இலை பாதி ஓடையில அடைச்சுக் கெடக்கு. தண்ணி போகல. நாளைக்கு ஆறு மணிக்கு வந்து அள்ளிரு.”

“நானா அக்கா?”

“பின்னே, நாந்தான் இப்போ நிரந்தரமாச்சே. தற்காலிகம் நீதான்” என்றார்.