சூடானால்தான் பிடிக்கும்

1

எண்பதுகளின் நடுவில் ஒரு மார்கழிக் காலை. பனி இறங்கி, மலை இருந்த இடமே தெரியவில்லை. நான் வேலை செய்த கார் பட்டறை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சைக்கிளில் வந்த ஒருவர், "டாக்டரம்மா காரு அடி அண்ணாமலைல வைக்கப்போர்ல பூந்துடுச்சு" என்றார். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். முந்தின நாள்தான் அந்தக் காருக்கு நான் பிரேக் பேட் மாற்றியிருந்தேன்.

டாக்டரம்மா பிரசவம் பார்ப்பவர். ஆசிரமத்துக்கு வந்து ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் ஒரு ஜெர்மன் காரை வாங்கியிருந்தார். மாட்டு வண்டிக்கே வழிவிடுகிற கார் என்று ஊரே கிண்டல் செய்யும். அவ்வளவு மெதுவாக ஓட்டுவார்.

சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிப்பதுதான் பேட். அந்தக் காரில் அதற்குள் ஒரு ஒயர் இருக்கும். பேட் தேய்ந்தால் ஒயர் டிஸ்க்கில் உரசி, டேஷ்போர்டில் சிவப்பு லைட் எரியும். லைட் எரிந்தது. அதே பேட் எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் மெட்ராஸில் ஒரு ரேஸ் மெக்கானிக், அளவு பொருந்துகிற ஒரு செட் கொடுத்தார்.

"ஒயர்லாம் இல்ல தம்பி. ரேஸ்ல எவன் லைட்ட பாப்பான்? ஓட்டம் முடிஞ்சா நாங்களே கழட்டிப் பாத்துக்குவோம். இது சூடானாத்தான் புடிக்கும், தெரிஞ்சுக்கோ."

ஏதோ பெருமைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிரேக் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளி, பேடைச் சொருகி, அனாதையாகத் தொங்கிய ஒயரை டேப் சுற்றிக் கட்டினேன். பிறகு செங்கம் ரோட்டில் டெஸ்ட் டிரைவ். புளியமரங்கள் இரண்டு பக்கமும் பச்சைத் துணியாக ஓடின. ரேஸில் நானே ஓட்டுவதுபோல ஒரு மயக்கம். மிதிக்க மிதிக்கப் பிரேக் இன்னும் நன்றாகப் பிடித்தது. கடைசித் தடவை என் நெஞ்சு ஸ்டீயரிங்கில் இடித்தது. சந்தோஷத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே திரும்பினேன்.

2

நான் போய்ச் சேர்ந்தபோது கார் வைக்கோலில் மூக்கை நுழைத்துத் தூங்குவதுபோல நின்றது. யாருக்கும் அடியில்லை. குறுக்கே வந்த கன்றுக்குட்டிக்காக டாக்டரம்மா பிரேக்கை மிதித்தாராம். நிற்கவில்லை என்றதும் ஸ்டீயரிங்கை வைக்கோல் பக்கம் ஒடித்துவிட்டாராம். அப்படியே பையைத் தூக்கிக்கொண்டு பிரசவ வீட்டுக்கு நடந்துவிட்டார்.

சக்கரத்துக்குள் விரலை விட்டு டிஸ்க்கைத் தொட்டேன். கிணற்றுக் கல் மாதிரி ஜில்லென்று இருந்தது. மெட்ராஸ்காரர் சொன்னது அப்போதுதான் புரிந்தது. டாக்டரம்மா ஓட்டுகிற வேகத்தில் இந்தப் பேட் சூடாகவே ஆகாது.

பின்னாலேயே வந்த முதலாளி கன்னியப்பன் காரை எடுத்து நாலு தரம் விரட்டிப் பிரேக் அடித்தார். சூடு ஏறியதும் பிரேக் பிடித்து, கார் நின்றது.

"இதோ புடிக்குதே! அந்தம்மா பதட்டத்துல ஆக்ஸிலேட்டர மிதிச்சிருக்கும். பொம்பள ஓட்டுனா இதான். என்னடா ஏகாம்பரம்?"

கூட்டம் சிரித்தது. நான் தலையாட்டினேன். வேலை போய்விடுமோ என்ற பயம். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

3

எட்டு நாள் கழித்து, பம்பர் வேலைக்காகக் காரை எடுத்துவர டாக்டரம்மா வீட்டுக்குப் போனேன். ஷெட்டில், முதலாளி அன்றே கொண்டுவந்து நிறுத்திய காருக்குள் டாக்டரம்மா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கால் மட்டும் மாறி மாறி மிதித்தது.

"இது பிரேக்... இது ஆக்ஸிலேட்டர்..."

என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார். "எல்லாரும் சொல்றாங்களேப்பா. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நேத்து ஒரு சிசேரியன வேற டாக்டர பண்ணச் சொல்லிட்டேன். கால நம்ப முடியலன்னா கைய எப்படி நம்புறது?"



"டாக்டரம்மா, பக்கத்து சீட்ல உக்காருங்க. நீங்க ஓட்டுற மாதிரியே நான் ஓட்டிக் காட்டறேன்."

பனிக்குள் காரை மெல்ல நகர்த்தினேன். சூடாகிவிடக் கூடாதென்று வழியில் பிரேக்கைத் தொடவே இல்லை. ஆள் இல்லாத இடம் பார்த்து மிதித்தேன். பலகையை மிதித்ததுபோல இருந்தது. கனவில் ஓடப்பார்த்தும் கால் நகராதே, அதற்குத் தலைகீழாக, நிறுத்தப்பார்த்தும் கார் மிதந்துகொண்டே போனது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினேன்.

"பாத்தீங்களா? உங்க கால்ல தப்பில்லம்மா. நான் போட்ட பேட் சூடானாத்தான் புடிக்கும். குடுத்தவரு சொன்னாரு, நான் காதுல வாங்கல. வைக்கப்போர்கிட்ட டிஸ்க்க தொட்டப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

அவர் என்னையே பார்த்தார்.

"எட்டு நாளாவா?"

அவ்வளவுதான் கேட்டார். கதவைத் திறந்து இறங்கி, பனிக்குள் வீட்டை நோக்கி நடந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். வேலை போகவில்லை, ஒரு வாரம் பேச்சுதான் நின்றது. பம்பாயிலிருந்து சரியான பேட் வந்தது. டாக்டரம்மா திரும்பவும் ஓட்டினார், ஆபரேஷனும் செய்தார். கார் மட்டும் அதற்குப் பிறகு எங்கள் பட்டறைக்கு வரவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு இரண்டு சொல்வேன். டெஸ்ட் டிரைவை உங்கள் வேகத்தில் ஓட்டாதீர்கள், வண்டிக்காரர் வேகத்தில் ஓட்டுங்கள். அடுத்தது, ஒயர் இல்லாத பேடைப் போட்டால் லைட் எரியாது. சொல்ல வேண்டியது நீங்கள்தான், அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.